மேலே ஊர் இருக்கும் மலை: கொல்லிமலை நடைக்குத் தண்ணீர் வடிப்பதும் சுமப்பதும்

மேற்கு அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலையின் சரிவுக் காடு மட்டும்தான் தெரியும். வீடு தெரியாது, வயல் தெரியாது. அதனால் புதிதாக மலையேற வருகிறவர்கள் பலர், மேலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் ஊறி வருவதாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சரிவு முடிகிற இடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மலை அகலமாகப் படுத்துக் கிடக்கிறது. அங்கே செம்மேடு, சோளக்காடு தொடங்கி வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த ஊர்கள். ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள். பள்ளத்தில் நெல், மேட்டில் சாமையும் மரவள்ளியும், நிழலில் காப்பியும் மிளகும். ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு. மழை இவை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் ஓடையில் சேர்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த ஓடை விளிம்பைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்குகிறது.

கொல்லிமலை நடைக்கு எந்த ஃபில்டர், எத்தனை பாட்டில் என்ற கேள்விக்கு விடை இதிலிருந்தே வரவேண்டும். மலையேற்றச் சாமான்களைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவின் மலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பனி உருகி வரும் ஓடை, அதற்கு மேலே ஊரே கிடையாது. அங்கே பயப்பட வேண்டியவை பாக்டீரியாவும், ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் உயிரிகளும்தான். அவற்றைத் தடுக்கும் ஒரு சின்ன ஃபில்டர் போதும் என்று அவர்கள் சொல்வது அவர்கள் மலைக்குச் சரி. மனிதர்கள் வாழும் இடத்துக்குக் கீழே எடுக்கும் தண்ணீரில் மஞ்சள் காமாலை வைரஸும் இருக்கலாம். அதை அந்த ஃபில்டர் நிறுத்தாது.

காரணம் அளவுதான். ஜியார்டியா கூடு சுமார் 10 மைக்ரான் அகலம், கிரிப்டோஸ்போரிடியம் 5 மைக்ரான் அளவில். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல். மலையேற்றக்காரர்கள் வாங்கும் ஃபில்டர்களின் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான். ஆகவே இவை எல்லாம் மாட்டிக்கொள்ளும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ 0.03 மைக்ரான்கூட இல்லை. தாராளமாக நுழைந்து வெளியே வந்துவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று உண்டு. 1955 கடைசியில் டெல்லியில் யமுனைத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. நீரேற்று நிலையத்தில் இருந்தவர்கள் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு போன்ற பாக்டீரியா நோய்கள் பரவவில்லை. ஆனால் 1956 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. கர்ப்பிணிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் பாக்டீரியா இல்லாததும் மட்டுமே தண்ணீரைக் குடிநீர் ஆக்கிவிடாது. குளோரின் போடுகிறவர்களுக்கும் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கலங்கலான, கழிவு கலந்த தண்ணீரில் குளோரினின் வலு அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

"மூலிகைத் தண்ணிங்க, ஒண்ணும் பண்ணாது" என்று கொல்லிமலையில் பலர் சொல்லக் கேட்கலாம். அன்பினால் சொல்வது அது. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில் தலை கொடுத்து நிற்கிறவர்களுக்கு உடம்பு லேசாவது உண்மை. அங்கே குளியுங்கள், மனம் நிறையக் குளியுங்கள். ஆனால் அருவியாக விழும் அய்யாறு, மேலே வயல்களையும் ஊர்களையும் கடந்து வருகிற ஆறு. அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்க வேண்டாம். மேலே வாழ்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. சிறு வயதிலிருந்து அதே தண்ணீரைக் குடிக்கிற உடம்புக்குச் சில கிருமிகளோடு பழக்கம் இருக்கும். சென்னையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வரும் உடம்புக்கு அது கிடையாது.

எதைக் கொண்டு வடிப்பது

முதலில் துணி. பழைய பருத்தி வேட்டியோ சேலையோ ஒரு முழம் போதும். நான்காக மடித்துக் கட்டி ஊற்றினால் இலை, மணல், புழு எல்லாம் நின்றுவிடும். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மடிப்புச் சேலைத் துணியில் தண்ணீரை வடித்த ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிடுவதே காரணம். துவைத்துத் துவைத்து இழை பிரிந்த பழைய துணி, புதுத் துணியைவிட நன்றாக வடித்தது. நம் நாட்டில் நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்ததில் குடிநீரைத் துணியில் வடித்த பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1996க்குப் பிறகு இங்கே அந்த நோய் வரவில்லை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆனாலும் துணி முதல் படி மட்டும்தான். மலையில் அதன் முக்கிய வேலை, அடுத்து வரும் விலை கூடிய ஃபில்டரை மண்ணிலிருந்து காப்பாற்றுவது.

ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் செம்மண் கலந்து ஓடும். அந்தத் தண்ணீரை நேராக ஃபில்டருக்குள் விட்டால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு பாத்திரத்திலோ அகன்ற வாய்ப் பையிலோ மொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை மட்டும் துணி வழியாக ஊற்றி எடுங்கள். கிணற்றிலும் பானையிலும் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்த வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. அது தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. படிகாரமும் அப்படித்தான்.

அடுத்தது இழை ஃபில்டர். டயாலிசிஸ் இயந்திரத்தில் இருப்பது போன்ற உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகளைக் கட்டுக்கட்டாக வைத்து ஒரு குப்பிக்குள் அடைத்திருப்பார்கள். சாயர் ஸ்க்வீஸ், கேடடின் பிஃப்ரீ இரண்டும் இந்த வகை. எடை 100 கிராமுக்குள். பையில் தண்ணீர் பிடித்து, ஃபில்டரை அதன் வாயில் திருகி, பையை அமுக்கினால் மறுபக்கம் சுத்தத் தண்ணீர் வரும். லைஃப்ஸ்ட்ரா போன்ற உறிஞ்சுகுழல் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடையோரம் குனிந்து உறிஞ்சலாம், அவ்வளவுதான். அடுத்த மூன்று மணி நேர ஏற்றத்துக்குப் பாட்டிலை நிரப்ப அது உதவாது. தண்ணீர் இல்லாத சரிவுகள் நீளமாக இருக்கும் இந்த மலையில் அது பெரிய குறை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஃபில்டர்களில் சில 28 மில்லிமீட்டர் மரைக்கு ஏற்றவை. குளிர்பான பாட்டில்களில் அந்த மரை பெரும்பாலும் பொருந்தும். நம் கடைகளில் விற்கும் குடிநீர் பாட்டில்களின் வாய் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. சிலவற்றில் ஏறும், பாதியில் நிற்கும், அமுக்கினால் கசியும். எந்த பாட்டிலை எடுத்துப் போகப் போகிறீர்களோ அதை வீட்டிலேயே திருகி, நிரப்பி, தலைகீழாகப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். மரை சேரும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கினாலும் அந்த பாட்டில் வேண்டாம். அந்தச் சொட்டு வடிகட்டாத தண்ணீர். அமுக்க அமுக்க ஃபில்டரின் வெளிப்புறமாக வழிந்து சுத்தமான பாட்டிலுக்குள்தான் விழும்.

ஃபில்டரைக் கல்லில் போட்டுவிட்டால் உள்ளே இழை முறிந்திருக்கலாம், வெளியே தெரியாது. நனைந்த ஃபில்டரின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதுங்கள். நனைந்த இழைகள் முழுசாக இருந்தால் காற்று போகாது. தாராளமாகப் போனால் அதை நம்பாதீர்கள்.

இனி குளோரின். ஃபில்டரைத் தாண்டும் வைரஸை இதுதான் கொல்லும். அதேபோல் கிரிப்டோஸ்போரிடியத்தை குளோரின் ஒன்றும் செய்யாது, ஃபில்டர்தான் நிறுத்தும். ஒன்றின் ஓட்டையை மற்றது அடைப்பதால் கொல்லிமலைக்கு என் தேர்வு இரண்டும் சேர்ந்ததுதான், அதுவும் இந்த வரிசையில்தான்: துணி, இழை ஃபில்டர், பிறகு குளோரின். தெளிந்த தண்ணீரில் குளோரின் முழு வலுவோடு வேலை செய்யும்.

மருந்துக் கடையில் குளோரின் மாத்திரை கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஒன்று போடுவதும் உண்டு, 20 லிட்டர் குடத்துக்கு ஒன்று போடுவதும் உண்டு. பட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடாதீர்கள். குடத்து மாத்திரையை பாட்டிலில் போட்டால் வாயில் வைக்க முடியாது. பிய்த்துப் பிய்த்துப் போட்டால் அளவு தெரியாது. நடைக்கு ஒரு லிட்டர் மாத்திரைதான் சரி. போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மார்கழி விடியலில் மலைமேல் தண்ணீர் சில்லென்று இருக்கும்போது ஒரு மணி நேரம் கொடுங்கள், குளிரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். மாத்திரை கரைந்ததும் மூடியைச் சற்றுத் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மரை முழுக்க அந்தத் தண்ணீரால் நனைய விடுங்கள். பாட்டிலின் உள்ளே சுத்தமாகி, வாய் வைக்கும் இடம் மட்டும் ஓடைத் தண்ணீரோடு இருப்பது அடிக்கடி நடப்பது. வாடை பிடிக்கவில்லையென்றால் எலுமிச்சம்பழம் பிழியலாம், ஆனால் காத்திருப்பு முடிந்த பிறகு. முன்னதாகப் பிழிந்தால் அதில் உள்ள வைட்டமின் சி குளோரினைத் தின்றுவிடும்.

கொதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் உறுதியான வழி. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். கொல்லிமலை உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமிக்கு அந்தச் சூடே யதேஷ்டம். 2,000 மீட்டருக்கு மேல் போனால்தான் மூன்று நிமிடம் தேவை. ஆனால் காட்டுப் பாதையில் தீ மூட்டுவதை உங்கள் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்தார்கள். கோடையில் இந்தச் சரிவுப் புல்லும் சருகும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கொதிநீர் வேண்டுமென்றால் மேலே ஊருக்குள் டீக்கடையில் கேளுங்கள். எஃகு பாட்டிலை நீட்டி "அண்ணா, கொதிச்ச தண்ணி ரொப்பித் தர்றீங்களா?" என்று கேட்டு, அதற்குக் காசும் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை. இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம், காலையில் குடிக்கத் தண்ணீரும் ஆயிற்று.

மற்ற வழிகள் இங்கே அவ்வளவு உதவாது. புற ஊதா விளக்குப் பேனாவுக்குத் தெளிந்த தண்ணீரும் தீராத பேட்டரியும் வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டிலை ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்துவது கீழே சமவெளியில் நடக்கும்; பனிமூட்டமும் மேகமுமாக இருக்கும் மலைமேல் இரண்டு நாள் ஆகும். செம்புப் பாத்திரத்துக்கு இரவு முழுவதும் தேவை, அதுவும் பாக்டீரியாவுக்குத்தான்.

இவை எதுவும் பூச்சி மருந்தை எடுக்காது. மரவள்ளிக் காட்டுக்கோ வயலுக்கோ நேர் கீழே உள்ள வாய்க்காலில் தண்ணீர் எடுக்க வேண்டாம். வடிகட்டும் சாமானை நம்பி அந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதைவிட, கால் மணி நேரம் கூட நடந்து வேறு ஊற்றைத் தேடுவது மேல்.

எவ்வளவு, எதில் சுமப்பது

அடிவாரத்திலிருந்து மேல் தளத்துக்கு ஏற்றம் குறைந்தது 750 மீட்டர் வரும். பையோடு ஏறுகிறவருக்கு நான்கு, ஐந்து மணி நேரம். வெயில் நாளில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வேண்டும். ஆக ஆளுக்கு மூன்று லிட்டரோடு கிளம்புங்கள். அது மூன்று கிலோ, பையிலேயே கனமான சாமான் அதுதான். தை முதல் சித்திரை வரை வழியில் ஓடை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். போன முறை ஓடியது இந்த முறை வெறும் பாறையாக இருக்கும்.

சுமையைக் குறைக்க நல்ல வழி ஒன்று இந்த மலையின் திசையிலேயே இருக்கிறது. பேளுக்குறிச்சிப் பக்கச் சரிவு மேற்குப் பார்த்தது. காலையில் மலையின் நிழல் அந்தச் சரிவிலேயே விழும். மதியத்துக்கு மேல் வெயில் நேராக முதுகில் அடிக்கும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி பதினொரு மணிக்குள் மேலே சேர்ந்தால் அதே மூன்று லிட்டரில் மிச்சம் இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பினால் போதாது. வனத்துறை அனுமதியையும் வழி தெரிந்த உள்ளூர்க்காரரையும் முந்தின நாளே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்த ஊற்று இந்த மாதம் வற்றும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்று லிட்டரை ஒரே கலத்தில் வைக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் மூன்று. ஒன்று ஒழுகினாலும் இரண்டு மிஞ்சும். எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியும். முதுகுப் பைக்குள் வைத்துக் குழாயால் உறிஞ்சும் நீர்ப்பை வசதிதான், ஆனால் மிச்சம் எவ்வளவு என்று தெரியாது, நம் ஈரக் காற்றில் குழாய்க்குள் பூஞ்சை பிடிக்கும், சுத்தம் செய்வதும் சிரமம். எஃகு பாட்டில் ஒன்று போதும், அது கொதிநீருக்கு. மற்றவை திடமான, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். காலி பாட்டில் ஒன்றுகூட மலையில் தங்கக் கூடாது. இவற்றோடு மடித்து வைக்கக்கூடிய இரண்டு லிட்டர் காலிப் பை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு தங்கும் இடத்தில் சமையலுக்கும் கை கழுவவும் அது வேண்டும்.

ஓடைத் தண்ணீர் மொள்ளும் பாட்டில் வேறு, குடிக்கும் பாட்டில் வேறு. மொள்ளும் பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். இருட்டில், களைப்பில், இரண்டு பேர் ஒரு பையிலிருந்து எடுக்கும்போது அந்தக் கயிறுதான் காப்பாற்றும். சனிக்கிழமை கிளம்புகிறவர்கள் பேளுக்குறிச்சிச் சந்தையிலேயே கயிறும் துணியும் வாங்கிவிடலாம். மிளகும் சீரகமும் மல்லியும் குவிந்த கடைகளுக்கு நடுவே ஓமமும் சுக்கும் ஒரு கை அளவு எடுத்துக்கொள்வதும் நல்லது.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு நான்கு வையுங்கள். ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று பார்த்துக் கரையுங்கள். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எதைக் கரைத்தாலும் குடிக்கும் பாட்டிலில்தான், ஃபில்டர் பைக்குள் கூடாது.

ஊற்றடியில்

மேலே ஊர்களுக்குப் பக்கத்தில் கல் கட்டிய ஊற்றுக்குழிகள் இருக்கும். அது யாரோ ஒருவருடைய வீட்டுக் குடிதண்ணீர். "அக்கா, இதுல தண்ணி எடுத்துக்கலாங்களா?" என்று கேட்ட பிறகே இறங்குங்கள். குடத்தோடு நிற்கிறவர்கள் பிடித்து முடித்த பிறகு உங்கள் முறை. செருப்பை வெளியே விடுங்கள். பாட்டிலை நேராக முக்காமல் அவர்கள் வைத்திருக்கும் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். கோடையில் அந்தக் குழி மறுபடி நிறைய நேரம் ஆகும். ஆறு பேர் கொண்ட குழு ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்தால் ஒரு வீட்டின் காலைத் தண்ணீர் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் பஸ் பிடித்துச் செம்மேடு போய்க் கடையில் நிரப்பிக்கொள்வதுதான் முறை.

காட்டு ஓடையில் எடுக்கும்போது ஓடுகிற இடத்தில், கரையிலிருந்து சற்று உள்ளே, மேல் பாசியையும் அடி வண்டலையும் விட்டு நடுவில் மொள்ளுங்கள். மேல்நோக்கிச் சிறிது தூரம் நடந்து பார்த்து மாட்டுத் தடம் இருக்கிறதா, செத்தது ஏதாவது கிடக்கிறதா என்று கவனியுங்கள். உங்களுக்குக் கீழேயும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாய கங்கையாக விழும் அய்யாறு திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்கிறது. சோப்பும் ஷாம்பும் ஓடைக்குள் வேண்டாம். மலம் கழிக்கப் போகிறவர்கள் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, அரை அடி குழி தோண்டி மூட வேண்டும். அதன்பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, ஃபில்டரும் மாத்திரையும் சேர்ந்து செய்கிற வேலையில் பாதியைச் செய்துவிடும். குழுவாகப் போனவர்களுக்கு வயிறு கெடுவது பல நேரம் ஓடையினால் அல்ல, ஒரே பொட்டலத்துக்குள் எல்லாரும் கை விட்டதினால்தான்.

வீடு திரும்பியதும் அன்றைக்கே ஃபில்டரைக் கவனியுங்கள். சிரிஞ்சோடு வரும் வகையானால் அந்தச் சிரிஞ்சில் சுத்தத் தண்ணீர் ஏற்றி, தண்ணீர் வெளியே வரும் முனையில் வைத்து எதிர்ப்பக்கமாக அழுத்தமாக அடியுங்கள். முதல் இரண்டு மூன்று முறை மறுமுனையில் செந்நிறமாக வரும். தெளியும் வரை அடித்து, கடைசியாகக் குளோரின் கலந்த தண்ணீரை ஒரு முறை ஓடவிட்டு, நிழலில் நான்கைந்து நாள் திறந்து காய வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். அடுத்த நடைக்கு முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு லிட்டர் வடித்து, எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். புதிதாக வாங்கியபோது ஆனதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனால், வினிகர் கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து மறுபடி எதிர்ப்பக்கமாக அடியுங்கள். சமவெளித் தண்ணீரின் உப்பு இழையில் படிந்திருந்தால் அதில் கரைந்துவிடும். அதற்குப் பிறகும் ஓட்டம் திரும்பவில்லையென்றால் புதியது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.